கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் செத்துப்போன அப்பா

எங்கள் வீட்டில் மாதா சுரூபத்துக்கு வலது பக்கம் ஒரு நாவல் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, பின்னட்டை வெளியே தெரியும்படி அப்பா அதை நிறுத்தி வைத்திருந்தார். பின்னட்டையில்தான் எழுத்தாளரின் படம் இருந்தது. மோவாயில் கை, எங்கோ தூரத்தில் பார்வை, உலகத்தின் துயரம் முழுவதையும் அன்று காலைதான் தலையில் ஏற்றிக்கொண்டவர் போன்ற முகம். ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. பின்னால் தொங்கிய திரையின் மடிப்புகூடத் தெரியும். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மாதாவைப் பார்த்தால் அவரையும் பார்த்தாக வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவுக்கு, அந்தப் புத்தகத்துக்குள் தாம் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். அது அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அந்த நாவலின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் விற்பனையில் இருக்கிறது என்று கேள்வி. அதற்கு நான் ஒரு பிரதிகூட விற்றுக் கொடுக்க மாட்டேன். இப்போது நான் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிறேன். ஆசிரியர் அறையில் யாராவது புதிதாக வந்த நாவல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் படித்தாயா என்று கேட்பார்கள். இன்றைய நாவல்களை நான் படிப்பதில்லை என்பேன். பிறகு என்னதான் படிப்பாய் என்பார்கள். கண்மாய்களைப் பற்றி, காலராவைப் பற்றி, ரயில் பாதை போட்டவர்களைப் பற்றி, நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி என்று சொன்னால், ருசி தெரியாதவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். எழுத்துக்கூட்டிப் படிப்பது என்பது எங்கள் குடும்பத்துக்கு என்னோடு வந்த சொத்து. அதை எதில் செலவழிப்பது என்று இன்னொருவர் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தின் மாடியில் வாசகர் வட்டம் ஒன்று கூடும். எழுத்தாளர் அதன் செயலாளர். வேறொரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். புதிதாக யார் வந்தாலும் என்ன படித்தாய் என்று கேட்க மாட்டார். அப்பா என்ன செய்கிறார் என்றுதான் கேட்பார். ஒருவன் தன் அப்பா வங்கிக் காசாளர் என்றான். எழுத்தாளர் அடுத்த ஆளைப் பார்த்தார். நான் என் அப்பா பிரியாணிக் கடையில் மாஸ்டர் என்றேன். தம்முடைய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டார். பெருமையாகத்தான் இருந்தது. என் படிப்புக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அப்பாவுக்கு யாராவது தம்மைக் கேட்கமாட்டார்களா என்ற ஏக்கம் வாழ்நாள் முழுவதும் உண்டு. அடுப்பங்கரை ஆளை யார் கேட்பார்கள்? கல்லாவில் இருப்பவரைத்தான் ஊருக்குத் தெரியும். அப்பாவின் மீசையும் பேச்சும் விறகடுப்புப் புகைக்குள்ளேயே கிடந்தன. எழுத்தாளர் கேட்கக் கேட்க அவர் அள்ளி அள்ளிக் கொடுத்தார். விடியுமுன் அடுப்பு மூட்டுவது, தேக்சாவில் கொதிக்கும் தண்ணீரை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கி உப்புப் பார்த்த பிறகுதான் சீரகச் சம்பாவைக் கொட்டுவது, காலில் கொதிதண்ணீர் கொட்டி வந்த தழும்பு, கூட வேலை பார்த்தவர்கள் எல்லாரும் குடித்தபோது தாம் மட்டும் தொடாமல் இருந்தது. அதை அவர் சொன்ன நாளில் நானும் பக்கத்தில் இருந்தேன். “எனக்கு நாக்குதான சார் சோறு போடுது. அதுல போயி சாராயத்த ஊத்துனா உப்பு தெரியுமா? அதான் நான் தொடுறதே இல்ல,” என்றார். எழுத்தாளர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அம்மா வைத்த கறிக்குழம்பையும் கடையிலிருந்து அப்பா கொண்டுவந்த தால்சாவையும் ஊற்றி வயிறாரச் சாப்பிட்டார். மண்ணின் சாப்பாடு என்றார். அது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் நாவல் வெளிவந்தது. வெளியீட்டு விழாவில் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மதுரையிலிருந்து வந்த ஒருவர், அடுப்பு நெருப்பின் அழகியல் என்று முக்கால் மணி நேரம் பேசினார். ஒருவருக்கொருவர் சால்வை போட்டுக்கொண்டார்கள். மேடையில் போட்டது போக மிச்சமிருந்த சால்வை ஒன்றை, கூட்டம் கலையும்போது எழுத்தாளர் கீழே வந்து அப்பாவுக்குப் போட்டார். அப்பா அதை மடிக்காமல் தெரு முழுக்கப் போர்த்திக்கொண்டே வந்தார்.

மறுநாள் நான் படித்து முடித்தேன். நாவலில் வரும் சமையல்காரனுக்கு அப்பாவின் மீசை இருந்தது. கடையில் எல்லாரும் கூப்பிடும் ‘மீசை மாஸ்டர்’ என்ற பட்டப்பெயர் இருந்தது. காலில் அதே இடத்தில் அதே தழும்பு இருந்தது. எங்கள் தெருவின் முக்கில் இருக்கும் மாதா கெபிகூட இருந்தது. இவ்வளவும் அப்படியே இருக்க, அவன் விடியற்காலையிலேயே குடிப்பவன். பெண்டாட்டியை விறகுக்கட்டையால் அடிப்பவன். குடிவெறியில் உப்பைக் கொட்டி முதலாளியிடம் செருப்படி வாங்குபவன். மூத்த மகள் எவனோடோ ஓடிப்போகிறாள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அவன் எரியும் அடுப்பின் மேல் விழுந்து சாகிறான். அந்தச் சாவு மட்டும் ஆறு பக்கம்.

அப்பா வேலை முடிந்து வந்ததும், தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் ஒளிக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை வைத்து அவரை ஏமாற்றுவதற்காக நான் படிக்கவில்லை. “உங்களக் குடிகாரனாக்கி அடுப்புல தள்ளிக் கொன்னுட்டாருப்பா,” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

“செத்தே போயிட்டனா?”

“செத்துட்டீங்க.”

“அப்ப ஆயுசு கெட்டித்தா. உசுரோட இருக்கவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கூடும்,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். புத்தகம் மாதாவுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். தங்கச்சிக்கு அப்போதுதான் எரியோட்டில் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அப்பா இல்லாத பிள்ளை. வீட்டில் எதுவானாலும் தாய்மாமன் சொல்வதுதான். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ஞாயிறு இரண்டு வீட்டாரின் பங்குக் கோயில்களிலும் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து தெரிவிக்க வேண்டும் என்று பூசையின் முடிவில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிக்கப்படும். முதல் ஞாயிறு எங்கள் ஓலை வாசிக்கப்பட்டது. தங்கச்சி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள். இரண்டாம் ஞாயிறு சாமியார் மற்ற ஓலைகளை வாசித்தார், எங்களுடையதை வாசிக்கவில்லை. கோயிலில் இருந்த தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. மாப்பிள்ளை வீட்டார் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது பூசை முடிந்த பிறகுதான் தெரிந்தது. அன்று அம்மா நாவலை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வீசினாள். அப்பா அதை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தார்.

காரணம் தாய்மாமன். அவர் ஒரு நடுநிலைப் பள்ளி ஆசிரியர். நல்ல வாசகர். நூலகத்துக்கு வரும் புதுப் புத்தகம் எதையும் விடாதவர். அவர் நாவலைப் படித்துவிட்டார்.

நான் நேராக எழுத்தாளரிடம் போனேன். ஓலை நின்ற கதையைச் சொன்னேன். என்னோடு எரியோடு வரை ஒரு நடை வாருங்கள். மீசையும் தழும்பும் நிஜம், குடியும் அடியும் நான் சேர்த்தவை என்று அந்த ஒரு மனிதரிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னட்டைப் படத்தில் இருக்கும் முகம் மெல்ல மெல்ல வந்தது.

“அது புனைவும்மா. புனைவுக்கு எழுத்தாளன் போய் விளக்கம் சொல்லக் கூடாது. சொன்னா படைப்பு செத்துரும். நீ படிச்ச பொண்ணு, உனக்கே தெரியணும்.”

“என் தங்கச்சி கல்யாணம் நிக்குது சார்.”

“வருத்தமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. உங்கப்பாவ நான் சாகாவரம் பெற்ற மனுசனா ஆக்கியிருக்கேன்.”

“கடைசிக்கு முந்துன அத்தியாயத்துல கொன்னுட்டீங்களே சார்,” என்றேன்.

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். நல்ல வரி, எங்காவது பயன்படுத்திக்கொள்வேன் என்றார். அவர் வீட்டம்மா கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

படைப்பு சாகாமல் இருந்தது சில நாட்கள்தான். நாவலில் வரும் கடை முதலாளி பழைய கறியைப் புதுக் கறியோடு கலப்பவர். அப்பாவின் முதலாளி காதுக்கு இது எப்படியோ எட்டிவிட்டது. ஆள் விட்டார். அன்று மத்தியானமே எழுத்தாளர் கடையில் வந்து நின்றார். அப்பா அடுப்பங்கரையின் சோறு தள்ளும் ஜன்னல் வழியாக முழுவதையும் பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார்.

“கையக் கட்டிக்கிட்டு நின்னாருத்தா. ‘அம்புட்டும் கற்பனை முதலாளி, ஒரு வரிகூட உங்களக் குறிக்காது’ங்கிறாரு. சாப்பிட வந்தவுக எல்லாம் கைய நக்குறத நிறுத்திட்டுப் பாக்குறாக. முதலாளி செத்த நேரம் மொறச்சுட்டு, சரி சாப்பிட்டுட்டுப் போங்கன்னாரு. சாப்பிட்டுத்தான் போனாரு. நாந்தான் நெஞ்செலும்பு பாத்து வச்சுக் குடுத்தேன்.”

“உங்களப் பாத்தாரா?”

“பாத்தாருல்ல. மீசை நல்லாருக்கு மாஸ்டர்ன்னாரு.”

அப்பாவுக்கு அதில் சந்தோசம். எனக்கு அன்றைக்குப் பிடித்த எரிச்சல் இன்னும் இறங்கவில்லை. எரியோட்டுக்கு வந்தால் செத்துப்போகும் படைப்பு, கல்லாவுக்கு முன்னால் கை கட்டி நின்றால் சாகாதாம். இரண்டாம் பதிப்பில் அந்த முதலாளி வேறு ஊரில் மரவாடி வைத்திருப்பவராக மாறிவிட்டார். என் அப்பா மாறவில்லை. அதே தெருவில், அதே கெபிக்குப் பக்கத்தில், அதே மீசையோடு குடித்துக்கொண்டும் அடித்துக்கொண்டும் செத்துக்கொண்டும் இருக்கிறார்.

இனி யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று நானும் அப்பாவும் எரியோட்டுக்குப் பேருந்து ஏறினோம். தாய்மாமன் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். மேசையில் நாவல் இருந்தது. பல இடங்களில் அடிக்கோடு போட்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்னால் அவரே தொடங்கினார். “நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. பேரு சரியா இருக்கு. மீசை சரியா இருக்கு. இந்தா, காலுல தழும்பு கண்ணு முன்னாலயே இருக்கு. இம்புட்டும் நெசமா இருக்கறப்ப, குடி மட்டும் எப்பிடிங்க கற்பனையாகும்?”

நானும் பல நாட்கள் இந்தக் கேள்வியை யோசித்திருக்கிறேன். அவர் கேட்டதில் ஒரு தவறும் இல்லை. இன்றைய நாவல் வேண்டுமென்றே ஏற்படுத்துகிற மயக்கம் இதுதான். தெருவை, தழும்பை, அடுப்பை, நாங்கள் பேசும் பேச்சை உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்ளும். அந்த உண்மைகளை ஜாமீனாக நிறுத்தி, தனக்கு வேண்டிய பொய்யை உள்ளே கொண்டுபோகும். விழா மேடையில் ‘ரத்தமும் சதையுமான வாழ்க்கை’ என்று பாராட்டு வாங்கும். வீட்டு வாசலில் யாராவது வந்து கேட்டால் ‘புனைவு’ என்று கதவைச் சாத்திக்கொள்ளும். இரண்டு பக்கமும் கூலி வாங்கும் தொழில் இது. கண்மாயைப் பற்றி எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. மடை இல்லாத இடத்தில் மடை என்று அவர் எழுதினால் அந்த ஊர்க்காரன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பான். அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேட்கிறவனுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட எழுத்தைத்தான் நான் படிக்கிறேன்.

அன்று தாய்மாமனிடம் இவ்வளவும் பேசவில்லை. “ஒருநா சொல்லாமக் கொள்ளாம வந்து எங்கப்பாவ வேலை பாக்குற எடத்துல பாருங்க. அதுக்கப்புறம் உங்க முடிவு,” என்று மட்டும் சொன்னேன். அந்த வாரமே விடியற்காலையில் அவர் கடையின் பின்வாசலில் வந்து நின்றிருக்கிறார். அப்பா வரவேற்று, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார வைத்திருக்கிறார். தாய்மாமன் உட்காரவில்லை. அரிசி போடுவதைப் பார்க்கிற சாக்கில் அப்பாவை ஒட்டியே நின்று, அவர் வாயருகே முகத்தைக் கொண்டுபோயிருக்கிறார். இதைச் சொன்னபோது தங்கச்சி அழுதுவிட்டாள். அப்பா அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “மோந்து பாக்கத்தான் வந்தாருன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? அதான் பக்கத்துல போயி நல்லாவே மூச்சு விட்டேன்.”

தாய்மாமன் திருப்திப்பட்டார். தாமே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா உள்ளே சட்டை மாற்றப் போயிருந்த நேரத்தில், ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் பேசுகிற தொனியில் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: “உங்கப்பா நல்ல மனுசர்தாம்மா. ஆனா நாவல்ல வர்றவருகிட்ட இருந்த அந்த அழுத்தம் இவருகிட்ட இல்லைங்க.” குடிக்காத, அடிக்காத, சாகாத என் அப்பா அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தார்.

நின்ற ஓலைகள் வாசிக்கப்பட்டன. கல்யாணம் நடந்தது. அழைக்காமலே எழுத்தாளர் வந்தார். மணமக்களுக்குத் தம் நாவலையே பரிசாகக் கொடுத்தார். முதல் பக்கத்தில், வாழ்க்கை புனைவைவிட அழகானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். பந்தியில் அப்பாதான் அவருக்குப் பரிமாறினார்.

ஒரு மோசமான ஆளை வைத்து எல்லா நாவலையும் ஒதுக்கலாமா என்று என் தோழி ஒருத்தி கேட்பாள். நியாயமான கேள்வி. அதனால் சில வருடங்கள் விடாமல் படித்துப் பார்த்தேன். பரிசு வாங்கியவை, வாங்காதவை, பேசப்பட்டவை, பேசப்படாதவை. எங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதிய புத்தகங்களில் நாங்கள் எப்போதும் நாறிக்கொண்டிருந்தோம். வியர்வை, சாக்கடை, கெட்ட வார்த்தை. எங்களில் ஒருத்திகூடப் புத்தகம் படிப்பதில்லை. ஒருவன்கூடத் தன் மீசையை நினைத்துப் பெருமைப்படுவதில்லை. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் யாராவது ஒருவர் சாவார். கடைசி அத்தியாயத்தில் மழை பெய்யும். எழுத்தாளர்கள் தங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதியவற்றிலோ, ஒரு விரிவுரையாளர் ஜன்னலோரம் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டு எதையோ நினைத்துக்கொண்டிருப்பார். முன்னூறு பக்கத்துக்கும் அவர் எழுந்திருக்க மாட்டார். நல்ல நாவல்கள் எங்காவது இருக்கலாம். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையை, நேரம் மிச்சமிருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இவ்வளவையும் எழுத வேண்டியதாகிவிட்டதற்குக் காரணம் அவருடைய புதிய நாவல். அதில் ஒரு எழுத்தாளர் இருக்கிறார். அவர் எழுதிய நாவலால் ஓர் ஏழைப் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுகிறது. எழுத்தாளர் தூக்கமில்லாமல் தவிக்கிறார். பிறகு கொட்டும் மழையில் பேருந்து ஏறி எரியோட்டுக்குப் போய், மாப்பிள்ளை வீட்டாரின் காலில் விழுந்து, எல்லாம் என் கற்பனை என்று சொல்லிக் கல்யாணத்தை நடத்தி வைக்கிறார். என்னைப் போன்ற ஒருத்தியும் வருகிறாள். அவள் அழுதுகொண்டே அவருக்கு நன்றி சொல்கிறாள். பரிசும் கிடைத்துவிட்டது. தாய்மாமன் அதையும் படித்துவிட்டார். நடந்தது என்ன என்று தெரிந்த மனிதர்தான். இருந்தும் அதில் தம்முடைய பாத்திரம் நன்றாக வந்திருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறாராம்.

போன மாதம் தங்கச்சி பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவள் புகுந்த வீட்டுப் பெண்கள், அந்தப் புண்ணியவான் மட்டும் வராவிட்டால் உனக்கு இந்த வாழ்க்கை ஏது என்று அவளிடமே கேட்கிறார்களாம். இல்லை, என் அக்காதான் வந்தாள் என்று சொன்னால், புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே என்கிறார்களாம். அப்பா பக்கத்து அறையில் வேலையிலிருந்து நின்றவர்களுக்கே உரிய தூக்கத்தில் இருந்தார். தங்கச்சி குரலைத் தாழ்த்தி, “உனக்கு எழுத வரும்லக்கா? அப்ப நீயே எழுது. கதை கிதை வேணாம். நடந்ததப் போட்டு, கீழ உன் பேரப் போடு. என் பிள்ளைக அதப் படிக்கட்டும்,” என்றாள்.

அந்தப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். உங்கள் தாத்தா குடித்ததில்லை. அன்றைக்கு எரியோட்டுக்குப் பேருந்து ஏறியவர்கள் அவரும் நானும்தான். மழை பெய்யவில்லை. எழுத்தாளர் வரவில்லை.